ரேடியோ வாங்குமுன் கூரையைப் பாருங்கள்!



பாலிடெக்னிக்கில் மின்னணுவியல் பிரிவில் சேர்ந்த அன்றைக்கே ஊரில் நமக்கு 'டாக்டர்' பட்டம் கொடுத்துவிடுகிறார்கள். மிக்சி சுற்றவில்லை என்றாலும் நம்மிடம்தான் வருகிறார்கள், டி.வி.யில் புள்ளி விழுந்தாலும் நம்மிடம்தான் வருகிறார்கள். "நீதான் எலக்ட்ரானிக்ஸ் படிக்கிறியே, இதக் கொஞ்சம் பாரேன்" என்று கேட்டுவிட்டால், ஓம் விதியைத் தாண்டி வராத முதலாமாண்டு மாணவனும் டெஸ்டரைக் கையில் எடுத்துத்தான் ஆகவேண்டும். மானப் பிரச்சினை!

அப்படி வரும் கேள்விகளில் எனக்கு அடிக்கடி வருவது இது: "நல்லா எடுக்கிற மாதிரி ஒரு எஃப்.எம். ரேடியோ சொல்லுப்பா."

கேட்பவர் எதிர்பார்ப்பது ஒரு கம்பெனிப் பெயர். ஆனால் டவுனிலிருந்து தள்ளியிருக்கும் கிராமத்துக்குக் கம்பெனிப் பெயரை மட்டும் சொல்லிப் பயனில்லை. முதலில் இடம், அடுத்து ஆன்டெனா, கடைசியில்தான் ரேடியோ. இந்த வரிசையை மாற்றினால் காசு வீண். ஏன் என்பதை நாம் வகுப்பில் படித்ததை வைத்தே விளக்குகிறேன்.

மூவாயிரம் ரூபாய்க் கேள்வி

என் சித்தப்பா மானாமதுரைக்குக் கிழக்கே ஒரு காளவாசலில் இரவுக் காவல் பார்க்கிறார். துணைக்கு ஒரு நாய், ஒரு டார்ச் லைட், ஒரு பழைய ரேடியோ. "போன்லயே பாட்டு கேக்கலாமே" என்று நீங்கள் கேட்கலாம். காளவாசலில் டவர் இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. போதாததற்கு, போனை நோண்டிக்கொண்டே இருந்தால் காவலும் போச்சு, கண்ணும் போச்சு. ரேடியோ என்றால் காது கேட்கும். கண் வேலையைப் பார்க்கும்.

பாட்டு மட்டும் காரணமில்லை. அறுத்துக் காயப்போட்ட பச்சைக் கல்லுக்கு மழைதான் எமன். ஒரு நல்ல மழை அடித்தால் ஆயிரக்கணக்கான கல் கரைந்து பழையபடி மண்ணாகிவிடும். செய்தியில் மழை என்று சொன்னால் பொழுதோடு தார்ப்பாயை எடுத்து வைத்துக்கொள்ளலாம். சித்தப்பாவுக்குப் பிடித்த நிலையம், 'கோடை பண்பலை' என்று எல்லோரும் சொல்லும் கொடைக்கானல் வானொலி, 100.5 மெகாஹெர்ட்ஸ். ஆனால் காளவாசல் ஷெட்டில் அது 'உஸ்ஸ்ஸ்' என்ற சத்தத்துக்குள்ளே முங்கிக் கிடந்தது.

சிறுகச் சிறுகச் சேர்த்த 3000 ரூபாயோடு என்னிடம் வந்தார். டவுன் கடையில் பளபளவென்று ஒரு செட்டைக் காட்டி, "இத வாங்குங்கண்ணே, எல்லா ஸ்டேஷனும் அள்ளிட்டு வரும்" என்று சொல்லியிருக்கிறார்கள்.

"தம்பி, நீ சரின்னா நாளைக்கே வாங்கிருவேன். சொல்லு."

"கொஞ்சம் பொறுங்க சித்தப்பா. ஞாயித்துக்கிழம நானே அங்க வந்து பாக்குறேன்."

அந்த ஞாயிற்றுக்கிழமையிலும் அதற்கடுத்த வாரத்திலும் அங்கே சோதித்துப் பார்த்தவற்றையும், அவற்றின் பின்னால் இருக்கும் கணக்கையும்தான் இனி எழுதப்போகிறேன்.

மலைமேல் இருப்பவனுக்குப் பார்வை அதிகம்

இந்தியாவில் பண்பலை ஒலிபரப்பு முதன்முதலில் தொடங்கியது நம் சென்னையில்தான், 1977-இல். அதற்கு முன்பு நமக்கெல்லாம் மத்திய அலையும் சிற்றலையும்தான். மத்திய அலை தரையை ஒட்டி வளைந்து ஓடும். இரவில் வான்மண்டல மின்னூட்ட அடுக்கில் பட்டுத் திரும்பி நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தாண்டி வந்து விழும். பண்பலைக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. 88 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள இந்த அலை ஏறக்குறைய வெளிச்சத்தைப் போல நேர்கோட்டில் போகும். பூமி உருண்டை என்பதால் ஓரிடத்தில் அடிவானம் குறுக்கே வந்துவிடும்.

அந்த இடம் எவ்வளவு தூரம்? ஆன்டெனா உயரத்தை மீட்டரில் எடுத்து அதன் வர்க்கமூலத்தை 4.12-ஆல் பெருக்குங்கள், கிலோமீட்டரில் விடை வரும். அனுப்பும் பக்கத்துக்கு ஒன்று, வாங்கும் பக்கத்துக்கு ஒன்று என்று கணக்கிட்டு இரண்டையும் கூட்ட வேண்டும். காற்றில் அலை கொஞ்சம் கீழ்நோக்கி வளைவதையும் இந்த 4.12-இலேயே சேர்த்துவிட்டார்கள்.

சமவெளியில் 100 மீட்டர் கோபுரம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 100-இன் வர்க்கமூலம் 10. பெருக்கினால் 41 கிலோமீட்டர். நம் வீட்டில் 6 மீட்டர் கம்பத்தில் ஆன்டெனா கட்டினால் அதற்கு ஒரு 10 கிலோமீட்டர். ஆக மொத்தம் 51.

இப்போது கொடைக்கானலைப் பாருங்கள். கடல் மட்டத்திலிருந்து சுமார் 2100 மீட்டர். வர்க்கமூலம் ஏறக்குறைய 46. பெருக்கினால் 189 கிலோமீட்டர். நம் 10-ஐயும் சேர்த்தால் ஏறக்குறைய 200! மானாமதுரைப் பக்கத்துக் காளவாசல் நேர்கோட்டில் 120 கிலோமீட்டர் சுமாருக்குத்தான் இருக்கிறது. அதாவது மலை நம்மைப் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறது. நாம்தான் தகரத்துக்கு அடியில் ஒளிந்துகொண்டிருக்கிறோம்.

இந்தக் கணக்கில் ஒரு நிபந்தனை உண்டு. இடையில் வேறு மலை குறுக்கிடக்கூடாது. மலையடிவாரத்தில் 30 கிலோமீட்டருக்குள் இருக்கும் ஊரில், குறுக்கே ஒரு கரடு நின்று நிலையம் எடுக்காமல் போகலாம். 120 கிலோமீட்டர் தள்ளிப் பொட்டல்காட்டில் இருப்பவருக்குத் தெளிவாக எடுக்கலாம். ஆகவே "எத்தனை கிலோமீட்டர்?" என்று கேட்பதற்கு முன்னால் "நடுவில் என்ன இருக்கிறது?" என்று கேளுங்கள்.

சக்தியும் உயரமும் எவ்வளவு முக்கியம் என்பதற்கு இன்னொரு உதாரணம். 2023 ஏப்ரலில் நாடு முழுவதும் 91 இடங்களில் அகில இந்திய வானொலியின் 100 வாட் பண்பலை டிரான்ஸ்மிட்டர்கள் தொடங்கிவைக்கப்பட்டன. இவை தங்களைச் சுற்றியுள்ள பகுதிக்கு உதவுபவை. அப்படிப்பட்ட நிலையத்தைத் தொலைவிலிருந்து கேட்க நினைத்தால் ஆன்டெனா இன்னும் நன்றாக இருந்தாக வேண்டும்.

காசில்லாமல் செய்யும் மூன்று சோதனைகள்

பையிலிருந்து பணத்தை எடுப்பதற்கு முன் இந்த மூன்றையும் செய்து பாருங்கள்.

முதல் சோதனை: ரேடியோவை வெளியே கொண்டுவாருங்கள். தகரக் கூரை என்பது அலைக்கு இரும்புத் திரை. கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பியும் அலையைக் குறைக்கும். சித்தப்பாவின் செட்டை ஷெட்டுக்கு வெளியே பத்தடி கொண்டுவந்து, கம்பியை முழுக்க இழுத்துவிட்டதும் 'உஸ்ஸ்'ஸுக்குள்ளிருந்து ஒரு பெண் குரல் வந்தது. அதே செட், அதே பேட்டரிக்கட்டை! ஓர் அடி, இரண்டடி நகர்த்திப் பார்ப்பதும் முக்கியம். நேராக வரும் அலையும் சுவரில், கல் அடுக்கில், தரையில் பட்டுத் திரும்பும் அலையும் ஓரிடத்தில் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும். இன்னோர் இடத்தில் கைகொடுக்கும். 100 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் 3 மீட்டர். ஆகவே ஒரு மீட்டருக்குள் நகர்த்தினாலே வித்தியாசம் தெரிந்துவிடும்.

இரண்டாவது சோதனை: மெயினை அணைத்துப் பாருங்கள். பேட்டரியில் ரேடியோ ஓடட்டும். வீட்டு மெயின் சுவிட்சை அணையுங்கள். இரைச்சல் சட்டென்று குறைந்தால் எதிரி வீட்டுக்குள்ளேயே இருக்கிறான். மலிவான எல்.இ.டி. பல்பு, போன் சார்ஜர், இன்வெர்ட்டர், சோலார் சார்ஜ் கன்ட்ரோலர் ஆகியவற்றுக்குள் இருக்கும் ஸ்விட்சிங் சர்க்யூட்டுகள் பண்பலை வரிசை வரைக்கும் குப்பையைக் கொட்டும். மெயினைப் போட்டுவிட்டு ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள், திருடன் அகப்படுவான். காளவாசல் ஷெட்டில் அது ஓர் எல்.இ.டி. பல்பு. பல்பை மாற்றியதோடு அந்தக் 'கர்ர்' சத்தம் ஒழிந்தது.

மூன்றாவது சோதனை: ஸ்டீரியோவை மோனோ ஆக்குங்கள். பலருக்குத் தெரியாத சங்கதி இது. ஸ்டீரியோ ஒலிபரப்பில் இடது, வலது இரண்டையும் கூட்டியது சாதாரண ஒலியாகவும், இரண்டின் வித்தியாசம் 38 கிலோஹெர்ட்ஸ் துணை அலைமீதும் வருகின்றன. 19 கிலோஹெர்ட்ஸ் பைலட் ஒலி அதற்கு அடையாளம். பண்பலையில் இரைச்சல், அதிர்வெண் ஏற ஏற அதிகமாகும் என்று படித்திருக்கிறோம். அதனால் 38-இல் இருக்கும் வித்தியாசச் சைகை இரைச்சலையும் தோளில் சுமந்துகொண்டே வரும். மோனோவில் அந்தப் பகுதியையே தள்ளிவிடுகிறோம். பலவீனமான நிலையத்தில் இதனால் 20 டெசிபெல் அளவுக்கு நிம்மதி கிடைக்கும். இது இலவசம்! ஒரே ஸ்பீக்கர் உள்ள பழைய செட் ஏற்கெனவே மோனோதான். இயர்போனில் கேட்பவர்கள் அந்தச் சுவிட்சைத் தேடுங்கள்.

மூன்றையும் செய்தும் போதவில்லையா? அப்படியானால் ஆன்டெனா வேலைக்குப் போவோம்.

ஆன்டெனா: நம் கையால் செய்வது

ரேடியோவோடு வரும் நீட்டுக் கம்பி சுமார் 70 செ.மீ., அதாவது கால் அலைநீளம். அது தன் வேலையை ஓரளவு செய்யும். ஆனால் நாம் உட்கார்ந்திருக்கும் உயரத்தில், வீட்டுச் சாமான்களுக்கு நடுவே நின்றுகொண்டு அதனால் என்ன செய்ய முடியும்? ஒரு தப்பெண்ணத்தையும் இங்கே தீர்த்துவிடுகிறேன். ரேடியோவைத் திருப்பித் திருப்பி வைத்தால் மத்திய அலை நன்றாக எடுக்கும். காரணம் உள்ளே இருக்கும் ஃபெரைட் தண்டு. பண்பலைக்கும் அந்தத் தண்டுக்கும் சம்பந்தமே கிடையாது.

எல்லோரும் ஒரு மணி நேரத்தில் செய்துவிடக்கூடியது டைபோல், அதாவது அரை அலை இருமுனை ஆன்டெனா. 143-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் மொத்த நீளம் மீட்டரில் கிடைக்கும். 100.5-க்கு 1.42 மீட்டர். நடுவில் வெட்டினால் பக்கத்துக்கு 71 செ.மீ. ஒரு பக்கத்தில் கோஆக்சியல் கேபிளின் நடுக்கம்பி. மறுபக்கத்தில் அதன் வலை. அவ்வளவுதான்! டைபோலின் மின்மறுப்பு ஏறக்குறைய 73 ஓம். டிஷ் டி.வி.க்கு வாங்கும் கேபிள் 75 ஓம். பொருத்தம் பார்த்தால் பத்துக்குப் பத்து.

குழாய்க்கு எங்கே போவது? நிமிர்ந்து கூரையைப் பாருங்கள். தூர்தர்ஷன் கோபுரத்து அனலாக் ஒளிபரப்பு படிப்படியாக நிறுத்தப்பட்டு, 2022-க்குள் பெரும்பாலும் முடிந்துவிட்டது. அதற்காகக் கட்டிய அலுமினிய ஆன்டெனாக்கள் பல வீடுகளில் இன்னும் காக்கை உட்காரும் இடமாக நிற்கின்றன. அதை அப்படியே ரேடியோவில் மாட்டினால் பெரிய பலன் இருக்காது. அது வேறு அலைவரிசைக்கு அளந்து வெட்டியது. ஆனால் கணக்கைப் பாருங்கள்: 174 முதல் 230 மெகாஹெர்ட்ஸ் வரிசைக்குச் செய்த டி.வி. ஆன்டெனாவின் ஒரு குழாய் 70 செ.மீ.யை ஒட்டி இருக்கும். நம் டைபோலின் ஒரு கை 71 செ.மீ.! இரண்டு குழாய்களைக் கழற்றி எதிரெதிரே வைத்தால் பண்பலை ஆன்டெனா தயார். நடுவில் பிடிக்க, வயரிங் வேலைக்கு வாங்கும் பி.வி.சி. பெட்டி ஒன்று போதும்.

டைபோல் தன் அகலப் பக்கத்தில்தான் நன்றாக வாங்கும். நுனிகள் இருக்கும் திசையில் ஏறக்குறையக் காது கேட்காது. எனவே நுனி நிலையத்தைப் பார்க்கக்கூடாது, அகலம் பார்க்க வேண்டும். எங்களுக்குக் கொடைக்கானல் மேற்குக்குக் கொஞ்சம் வடக்கே. ஆகவே குழாய்கள் கிட்டத்தட்ட வடக்கு-தெற்காக ஓடுமாறு கட்டினோம். கம்பம், காளவாசலில் கிடந்த 6 மீட்டர் சவுக்குக் கம்பு.

இது போதாத இடங்களுக்கு மூன்று உறுப்பு யாகி. ஜப்பானியப் பொறியாளர்கள் உடாவும் யாகியும் 1920-களில் கண்ட முறை. பின்னால் நீளமான ரிஃப்ளெக்டர், நடுவில் டைபோல், முன்னால் குட்டையான டைரக்டர். 100.5 மெகாஹெர்ட்ஸுக்கு நான் வெட்டிய அளவுகள்:

ரிஃப்ளெக்டர் – 1.50 மீட்டர்
டைபோல் – 1.42 மீட்டர், நடுவில் பிளவு
டைரக்டர் – 1.36 மீட்டர்
இடைவெளி – ஒவ்வொன்றுக்கும் 60 செ.மீ.
தாங்கும் கட்டை – 1.2 மீட்டருக்குச் சற்று அதிகமான ரீப்பர்

ரிஃப்ளெக்டரையும் டைரக்டரையும் பழைய இரும்புக் கடையில் எடைக்கு வாங்கிய அலுமினியக் குழாயில் வெட்டினேன். டைபோலைவிட இது முன்பக்கத்தில் ஏறக்குறைய 5 டெசிபெல் அதிகம் கொடுக்கும். சக்தியில் மூன்று மடங்கு. யாகிக்குள் வந்ததும் டைபோலின் மின்மறுப்பு 73-லிருந்து இறங்கிவிடும். "பொருத்தம் போச்சே, பேலன் கட்டணுமே" என்று பயப்பட வேண்டாம். ஒலிபரப்புபவனுக்குத்தான் அது தலைவலி. வாங்குபவனுக்கு ஒரு டெசிபெல் போலத்தான் நஷ்டம்.

ஆனால் ஒன்றை மறக்காதீர்கள். ஆன்டெனாவை ஒட்டிக் கேபிளை ஒரு சாண் விட்டத்தில் ஆறேழு சுற்று சுற்றிக் கட்டிவிடுங்கள். வீட்டுக்குள்ளிருந்து கேபிளின் வெளித்தோல் வழியாக ஏறிவரும் எல்.இ.டி. குப்பையை அந்தச் சுருள் தடுக்கும்.

குழாய்கள் தரைக்குக் கிடையாக இருக்க வேண்டுமா, செங்குத்தாக நிற்க வேண்டுமா என்றும் ஒரு கேள்வி வரும். நிலையத்துக்கு நிலையம் இது மாறும். கட்டி முடிக்கும் முன் இரண்டு மாதிரியும் பிடித்துக் காட்டுங்கள். எது தெளிவோ அதை வைத்துக்கொள்ளுங்கள்.

உயரமும் கேபிளும் பூஸ்டரும்

பார்வைக் கோட்டுக்குள்தான் இருக்கிறோம் என்றால் உயரம் எதற்கு? தரையில் பட்டு வரும் அலை, தாழ்வான இடத்தில் நேர் அலையை வெட்டுகிறது. மேலே போகப் போக அந்த வெட்டு குறைகிறது. திறந்த வெளியில் ஆன்டெனா உயரத்தை இரட்டித்தால் சைகை ஏறக்குறைய 6 டெசிபெல், அதாவது சக்தியில் நான்கு மடங்கு கூடும். 3 மீட்டரிலிருந்து 6 மீட்டருக்கு ஏற்றுவது, டைபோலிலிருந்து யாகிக்குப் போவதற்குச் சமம். இதை எந்தக் கடைக்காரரும் சொல்லமாட்டார். சவுக்குக் கம்பு அவர் கடையில் இல்லையே!

கேபிளுக்கு ஆர்.ஜி-6 வாங்குங்கள். 100 மெகாஹெர்ட்ஸில் 100 மீட்டருக்கு 6, 7 டெசிபெல்தான் விழுங்கும். நம் 15 மீட்டருக்கு ஒரு டெசிபெல். முனையில் மழைத்தண்ணீர் இறங்காமல் ரப்பர் டேப் சுற்றுங்கள். தண்ணீர் குடித்த கேபிள் எதற்கும் ஆகாது. அந்தக் கால 300 ஓம் பட்டைக் கம்பி காய்ந்திருக்கும்போது நல்லது. மழையில் நனைந்தால் போச்சு.

பூஸ்டர் போடலாமா? கடைசி வழியாக மட்டும். கம்பத்தின் உச்சியில் ஆன்டெனாவை ஒட்டிப் போட்டால் கேபிள் இழப்பை ஈடுகட்டும். கீழே ரேடியோவுக்குப் பக்கத்தில் போட்டால் சைகையோடு இரைச்சலையும் சேர்த்துப் பெருக்கித் தரும். பக்கத்தில் சக்தி வாய்ந்த நிலையம் இருந்தால், பூஸ்டர் திணறி ஒரே நிலையத்தைப் பத்து இடத்தில் காட்டும். டி.வி. பூஸ்டர் சிலவற்றில் பண்பலையைத் தடுப்பதற்கென்றே ஒரு வடிகட்டி இருக்கும். அதை வாங்கி மாட்டிவிட்டு "முன்னாடி எடுத்ததும் போச்சே" என்று தலையில் கை வைக்க வேண்டியதுதான்.

சரி, இப்போது ரேடியோ

இவ்வளவுக்கும் பிறகு ரேடியோ வாங்குவதானால் இவற்றைப் பாருங்கள்.

வெளி ஆன்டெனாவுக்குத் துளை இருக்கிறதா? இல்லாவிட்டாலும் வழி உண்டு. கேபிளின் நடுக்கம்பியை ஒரு முதலைக் கிளிப்பில் கோத்து நீட்டுக் கம்பியில் கவ்வுங்கள். வலையைப் பேட்டரிப் பெட்டியின் மைனஸ் ஸ்பிரிங்கில் சேருங்கள். இது பேட்டரியில் ஓடும் செட்டுக்கு மட்டும். சித்தப்பாவின் செட்டில் இதைத்தான் செய்தேன்.

பிரித்தெடுக்கும் திறன் எப்படி? பலமான நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் மெலிந்த நிலையத்தைத் தனியே எடுக்க வேண்டும். பழைய மாடல் சர்க்யூட்டில் 10.7 மெகாஹெர்ட்ஸ் செராமிக் வடிகட்டி இந்த வேலையைச் செய்கிறது. மலிவான செட்டில் 280 கிலோஹெர்ட்ஸ் அகல வடிகட்டி இருக்கும். அதைக் கழற்றி 150 கிலோஹெர்ட்ஸ் வடிகட்டி போட்டால் செட்டின் குணமே மாறும். சால்டரிங் பழகிய இரண்டாமாண்டு மாணவனுக்கு அரைமணி நேர வேலை. இன்றைய சிறிய செட்டுகளில் எஸ்.ஐ. 4735 போன்ற ஒற்றைச் சில்லு இந்த வேலையைக் கணக்குப் போட்டே செய்துவிடுகிறது. டெக்சன் செட்டுகளில் இத்தகைய சில்லுகளைப் பார்க்கலாம்.

கார் ஸ்டீரியோவை மறந்துவிடாதீர்கள். ஓடும் காரில், மாறிக்கொண்டேயிருக்கும் சைகையைச் சமாளிக்கச் செய்தது அது. முன்பகுதி சர்க்யூட் நன்றாக இருக்கும், வெளி ஆன்டெனாத் துளையும் இருக்கும். பழைய கார் ஸ்டீரியோவும் 12 வோல்ட் பேட்டரியும் கிராமத்துக்கு அருமையான ஜோடி. கரண்ட் போனாலும் கவலையில்லை. கார்களுக்கென்று செய்த டி.இ.எஃப். 6686 என்ற சில்லை வைத்து இப்போது ஆர்வலர்கள் தாங்களே ரேடியோ கட்டுகிறார்கள். நம் புராஜெக்ட் வேலைக்கு நல்ல விஷயம்.

அலைவரிசை சரிதானா? ஜப்பானுக்கென்று செய்த பழைய செட்டுகளில் பண்பலை 76-இல் தொடங்கி 90-இல் முடிந்துவிடும். அமெரிக்காவுக்கான செட்டு 200 கிலோஹெர்ட்ஸ் படியில் 100.5, 100.7 என்று தாவும்; 98.4 போன்ற இரட்டைப்படைத் தசமத்தில் நிற்காது. 100 கிலோஹெர்ட்ஸ் படி உள்ளதா என்று கேட்டு வாங்குங்கள்.

செல்போன் எஃப்.எம்.? அதற்கு இயர்போன் வயர்தான் ஆன்டெனா. 2023-இல் மத்திய அரசு, பண்பலை வசதி உள்ள போன்களில் அதை முடக்கிவைக்க வேண்டாம் என்று தயாரிப்பாளர்களுக்கு அறிவுறுத்தியது. டவரும் இணையமும் போன புயல் நேரத்தில் அந்த வசதியின் அருமை தெரியும். பக்கத்து நிலையத்துக்கு அது போதும். தூரத்து நிலையத்துக்கு அதை நம்ப முடியாது.

உயிர் முக்கியம்

இந்தப் பகுதியைத் தயவுசெய்து தாண்டிப் போகாதீர்கள். கம்பம் தூக்கும்போது அது சாய்ந்து மின்கம்பியில் பட்டால், பிடித்திருப்பவர் யாரும் தப்பமாட்டார். கம்பம் எந்தப் பக்கம் விழுந்தாலும் மின்கம்பியைத் தொட முடியாத தூரம் வேண்டும். கம்பத்தின் நீளத்தைப்போல் ஒன்றரை மடங்குக்குள் எந்த மின்கம்பியும் இருக்கக்கூடாது என்று வைத்துக்கொள்ளுங்கள். தனியாளாகத் தூக்காதீர்கள். இரும்புக் குழாய் கம்பமானால் தடித்த கம்பியால் தரையில் எர்த் செய்யுங்கள். இடி மின்னல் தொடங்கும் முன்பே கேபிளை ரேடியோவிலிருந்து கழற்றி வீட்டுக்கு வெளியே போட்டுவிடுங்கள். மின்னல் வெட்டும்போது கேபிளைத் தொடாதீர்கள். சித்தப்பாவிடம் நான் முதலில் சொல்லிக்கொடுத்தது இதைத்தான்.

காளவாசலில் என்ன ஆயிற்று?

ஒரே பழைய செட்டை வைத்துத்தான் எல்லாச் சோதனையும். ஷெட்டுக்குள் வெறும் இரைச்சல். வெளியே நீட்டுக் கம்பியில் இரைச்சலுக்கு நடுவே குரல். 6 மீட்டரில் டைபோல் கட்டியதும் குரல் தெளிந்து, இரைச்சல் பின்னால் போயிற்று. யாகியில் இரைச்சலே போய்விட்டது. மதுரையும் எங்களுக்குக் கொடைக்கானல் இருக்கும் அதே திசையில், 45 கிலோமீட்டர் சுமாரில் இருக்கிறது. எனவே மதுரை நிலையங்களும் அதே ஆன்டெனாவில் சேர்ந்து வந்தன.

இன்னொரு லாபம். கோடைக்காலத்தில் கடல்மேல் சூடான காற்று குளிர்ந்த காற்றின்மேல் படிந்து, பண்பலைக்கு ஒரு குழாய்ப் பாதை போல ஆகிவிடும். அப்போது இலங்கை நிலையங்கள் பாக் நீரிணையைத் தாண்டி நம் கடலோர மாவட்டங்களில் பக்கத்து வீட்டு ரேடியோ போலக் கேட்கும். பண்பலையில் இரண்டு நிலையம் ஒரே இடத்தில் மோதினால் பலமானது மற்றதை முழுக்க விழுங்கிவிடும். எங்களுக்கு மன்னார்ப் பக்கம், கொடைக்கானலுக்கு ஏறக்குறைய நேர் எதிர்த்திசை. யாகியின் முதுகு அங்கே இருப்பதால் விழுங்கல் குறையும். இலங்கை கேட்க ஆசையா? கம்பத்தைத் திருப்பிவிட்டால் போயிற்று!

கேபிள், குழாய், பெட்டி, போல்ட் நட்டு எல்லாம் சேர்த்து 700 ரூபாய்க்குள் முடிந்தது. மீதி 2300 ரூபாய் தங்கச்சியின் பள்ளிச் சீருடைக்கும் புத்தகப் பைக்கும் போயிற்று. "ரேடியோ வாங்கப் போயி ரேடியோ வாங்காம வந்தேன்" என்று சித்தப்பா எல்லோரிடமும் சொல்லிச் சிரிக்கிறார்.

எல்லா ஊருக்கும் இதே பலன் கிடைக்கும் என்று சொல்லமாட்டேன். மலை மறைவில் இருக்கும் ஊருக்கு யாகியும் போதாமல் போகலாம். அங்கே திறந்தவெளி கிடைக்கும் மேட்டைத் தேட வேண்டும். ஆனால் எந்த ஊரானாலும் வரிசை ஒன்றுதான்: வெளியே கொண்டுவா, குப்பையை அணை, மோனோ ஆக்கு, உயர்த்து, திருப்பு, அதற்குப் பிறகு கடைக்குப் போ.

நண்பர்களே! அடுத்த நாட்டு நலப்பணித் திட்ட முகாமுக்கு நாம் போகும்போது, மண்வெட்டியோடு ஒரு சுருள் கேபிளும் நாலு அலுமினியக் குழாயும் எடுத்துப் போவோம். டீக்கடையிலோ, படிப்பகத்திலோ, காவல் குடிசையிலோ ஓர் ஆன்டெனா கட்டிக் கொடுப்போம். பக்கத்தில் நிற்கும் பள்ளிக்கூடப் பையன் கையில் அளவு டேப்பின் மறுநுனியைக் கொடுங்கள். 143-ஐ அவனே வகுக்கட்டும், 71 செ.மீ.யை அவனே அளக்கட்டும். நாளைக்கு அவனிடம் யாராவது "எந்த ரேடியோ வாங்கலாம்?" என்று கேட்டால், முதலில் அவன் கூரையைப் பார்க்கட்டும்!

— இறுதியாண்டு, மின்னணுவியல் மற்றும் தகவல் தொடர்பியல் பிரிவு